ஊட்டுக்குத் தெரிய வேணாம்

என்னைத் தனியாக விட்டுவிட்டு முன்னால் போய்விட்ட என் வீட்டுக்காரருக்கு,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. செத்துப் போய்விட்டீர்கள் என்பதற்காக இப்போது ஆரம்பிக்கவும் மனசு வரவில்லை. 'என்னங்க' என்றால் திரும்பிப் பார்ப்பீர்கள். அது போதும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சைக்கிளில் போன சவுக்குத் தோப்பெல்லாம் இப்போது கம்பெனி ஷெட்டு. சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். முதல் பக்கத்தில் உங்கள் படம், கீழே 'தொழில்நுட்ப முன்னோடி' என்று கொட்டை எழுத்தில் வருமாம். உங்களைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "நீங்க சும்மா நாலு வரி எழுதுங்கம்மா, நாங்க பாலிஷ் போட்டுக்கறோம்" என்றார் செயலாளர். நானென்ன, தேக்கு மேஜையா செய்கிறேன்? நான் எழுதுவதை அப்படியே போடுவதானால் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் பெட்டியைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய்விட்டால் கிணற்று மோட்டார் உறுமி உறுமியே எரிந்துவிடும். மோட்டார் எரிந்தால் சோழவரத்து விவசாயிக்கு அந்தப் போகமே போச்சு. எரிவதற்கு முன்னால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டியை இந்தப் பக்கத்தில் முதலில் செய்தவர் நீங்கள்தான். ஆனால் அந்த முதல் பெட்டி எதில் செய்தது என்று மலரில் யாராவது எழுதுவார்களா? என் அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் பருப்புச் சம்படம்! அடுப்படியில் காணோமே என்று தேடிக்கொண்டு உங்கள் பட்டறை ஷெட்டுக்கு வந்தால், நாலு பக்கமும் ஓட்டை போட்டு ஒயரை விட்டு வைத்திருக்கிறீர்கள். "ஓட்டை சின்னதுதான்மே, பருப்பு கொட்டாது" என்று சமாதானம் வேறு. அன்றைக்கு நான் போட்ட சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.

நம் மகள் வசந்தா வயசுக்கு வந்த சடங்கில் அவளை மணையில் உட்கார வைத்தாயிற்று, மாமன் சீரும் வந்து இறங்கியாயிற்று. அப்பனை மட்டும் காணோம். நீங்கள் திருவாலங்காட்டில் யாரோ ஒருவருடைய கிணற்று மேட்டில் பெட்டி வேலை செய்கிறதா என்று காவல் இருந்தீர்கள். சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்து நின்றீர்கள். அவள் உங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் சொல்கிறேன், அந்தக் கோபமெல்லாம் கோபமே இல்லை. நிஜமான கோபம் அப்புறம்தான் வந்தது.

உங்கள் குரல் கம்மிப்போன வருஷம் அது. தொண்டையில் புண், ஈயம் உருக்குகிற புகை ஒத்துக்கொள்ளவில்லை, மெட்ராஸில் மருந்து போடுகிறார்கள் என்றீர்கள். காரம் கூடாது என்றீர்கள், கஞ்சி வடித்தேன். ஷெட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற ஏசுதாஸைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காலை ரயிலுக்குப் போவீர்கள். ஷெட்டில் யாரைக் கேட்டாலும் "ஒண்ணியும் இல்ல அண்ணி, ஈயப்புகை ஒத்துக்கல" என்பார்கள். ஒருத்தன் வாயில்கூட ஒரு வார்த்தை மாறி வராது. நாடகக்காரர்கள் தோற்றார்கள் போங்கள்.

கழுத்தில் ஊதா மையில் கோடு போட்டிருந்தது. என்ன என்றேன். டாக்டர் அடையாளம் வைத்தார், தண்ணீர் படக்கூடாது என்றீர்கள். பிறகு அந்த இடம் கறுத்தது. வெயில் என்றீர்கள். நம் கவரப்பேட்டை வெயில் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்து அடிக்குமா? ஊருக்கெல்லாம் எது எப்போது எரியும் என்று சொன்னவருக்கு, வீட்டில் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே.

பழவேற்காட்டிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மாதான் எனக்குச் சொன்னாள். நீங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே வந்தவள் குரலைத் தாழ்த்தி, "எங்க மாமனுக்கும் இதே மாரி கோடு போட்டுத்தாம்மா கரண்டு வெச்சாங்க. ஐயாவுக்கு எப்போலேர்ந்து?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கரண்டு வைப்பது, அந்தக் கதிர் வைத்தியம், எந்த வியாதிக்கு என்று எனக்குத் தெரியாதா? அவள் காசுகூட வாங்காமல் இரண்டு மடவை மீனை முறத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் நான் கேட்கவில்லை. நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் கஞ்சியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். "இன்னா பாக்கற?" என்பீர்கள். "ஒண்ணுமில்ல" என்பேன். பிறகு குரல் சுத்தமாகப் போய்விட்டது. கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல உதட்டை அசைத்தீர்கள். அது என்ன? தண்ணீரா? என் பேரா? இல்லை, அந்த வியாதியின் பேரா? இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் ஏசுதாஸ் வந்தான். என் கோபத்தையெல்லாம் அவன் தலையில் கொட்டினேன். "ஊருக்கே தெரியும், கட்டினவளுக்குத் தெரியக்கூடாதா?" என்று கத்தினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஊட்டுக்குத் தெரிய வேணாம்னு கைய அடிச்சி சத்தியம் வாங்கினாரு அண்ணி. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் கவரப்பேட்ட ஸ்டேஷன்லயே கொஞ்ச நேரம் குந்திக்கினு இருப்போம். சாவப் பத்தித்தான் பேசுவாரு. 'மோட்டார் நின்னுபோனா மோட்டாருக்கு இன்னாடா தெரியும்? தண்ணி வர்லன்னு வயலுக்குத்தான் தெரியும். எனக்கு பயம் இல்லடா, அவள நெனச்சாத்தான் பேஜாரு'ம்பாரு. சொல்லிடுண்ணான்னு நான் எத்தினியோ தபா சொன்னேன். 'ஷெட்டுல, ஆஸ்பத்திரில, ரயில்ல, எல்லா எடத்துலயும் நான் சீக்காளி. ஊட்டுக்குப் போனா அவ திட்டிக்கினே கஞ்சி ஊத்தறா. அந்த ஒரு எடத்துலயாவது நான் நல்லா இருக்கற மனுசனா இருந்துட்டுப் போறன்டா'ன்னாரு."

கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உங்கள் சாவைப் பற்றி நீங்கள் பேசினீர்கள், வாய்விட்டுப் பேசினீர்கள், ஸ்டேஷன் பெஞ்சில் ஏசுதாஸோடு! எனக்கு அதில் பங்கில்லையா? சீக்காளியாக இல்லாமல் இருக்க உங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. புருஷன் சாகப் போகிறான் என்று அழுவதற்கு எனக்கு எந்த இடத்தை விட்டுவைத்தீர்கள்? இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அன்று உங்கள் ஷெட்டில் வேலை பார்த்தவர்கள், உங்கள் பொய்யில் கூட்டு. படியுங்கள் ஐயா, நன்றாகப் படியுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு சேதி. என் மார்பில் ஒரு கட்டி. போன மாதம் பொன்னேரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, உங்களுக்கு வந்த வியாதியாகத்தான் இருக்கும் என்று உடனே மெட்ராஸுக்குப் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்தேன். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிற வசந்தா ஏழு மாத வயிற்றோடு வாசலில் நின்றுகொண்டு, "இன்னாம்மா சொன்னாங்க?" என்று கேட்டாள். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஒண்ணுமில்லடி, வாயு" என்றது. யோசிக்கவே இல்லை, அதுவாக வந்தது. அவள் சிரித்துக்கொண்டே சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்தபோதுதான் நீங்கள் வீட்டில் எதைத் தேடினீர்கள் என்று எனக்குப் புரிந்தது. நல்லாத்தான் இருக்குங்க, அந்த இடம். விட்டு வர மனசே இல்லை.

ஆனால் எதிரில் உட்கார்ந்து காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்தக் காகிதம் அச்சுக்குப் போய்விட்டால் பிறகு நான் மறைக்க முடியாது. அதற்காகத்தான் கட்டியைப் பற்றியும் இதில் எழுதினேன். வசந்தா இப்போது உள்ளே படுத்திருக்கிறாள். அவள் எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, வியாதியின் பேரைச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் இதைச் செயலாளரிடம் கொடுப்பேன். இது உங்கள் மேல் சத்தியம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதையும் அவளிடமே சொல்வேன். அவள் அழட்டும், நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். நீங்களும் நானும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு அழாமல் விட்டதையும் சேர்த்து அழுகிறேன்.

உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கும்,
உங்கள் சம்சாரம், வசந்தாவின் அம்மா.