மூன்று குரலும் பத்து விரலும்

மார்ச் 3, செவ்வாய்

மே மாதம் நடக்கும் மாணவர் கச்சேரிக்கு பியானோ டீச்சர் எனக்கு ஃபியூக் என்ற மேற்கத்திய இசை வகையில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஒரே மெட்டை மூன்று குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடும். மூன்றும் என் இரண்டு கைகளுக்குள் அடங்க வேண்டும். பக்கத்தைத் திறந்தேன் – எறும்புப் புற்றைக் கிளறிவிட்ட மாதிரி இருந்தது.

போன வருடம் எளிமையான ஒன்றையே பாதியில் நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தவள் நான். பல் டாக்டருக்கு எதற்கு இந்த வேலை? ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 7, சனி

வலது கை தனியாக நன்றாக வருகிறது. இடது கை சுமார். சேர்த்து வாசித்தால் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகின்றன.

டீச்சர் என்னைவிடச் சின்னவர்; ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார். "அக்கா, நீங்க வாசிக்கல, தப்பை மனப்பாடம் பண்றீங்க. வேகத்தைப் பாதியாக்குங்க. அப்புறம் அதுலயும் பாதி."

மார்ச் 19, வியாழன்

மெதுவாக வாசித்தால்தான் திருட்டு பிடிபடுகிறது. மூன்றாம் விரல் போக வேண்டிய இடத்துக்கு இத்தனை நாளும் நான்காம் விரல் போயிருக்கிறது. பென்சிலால் விரல் எண்களை எழுதி வைத்தேன்.

கிளினிக்கில் கருவித் தட்டின் ஓரத்தில் விரல்கள் தாமாகவே ஓடியிருக்கின்றன. நாற்காலியில் படுத்திருந்த பெரியவர் பார்த்துவிட்டார். "டாக்டரம்மா, உங்களுக்குக் கை நடுங்குதா?" அவர் எழுந்து போகாமலிருக்க பியானோ கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 5, ஞாயிறு

புதுக் கட்டளை: கடைசி வரியை முதலில் பழகு. பிறகு அதற்கு முந்தைய வரியிலிருந்து தொடங்கி முடிவு வரை. இப்படியே பின்னோக்கி. வாசிக்க வாசிக்க, நன்றாகத் தெரிந்த இடத்தை நோக்கித்தான் போகிறேன். பயம் குறைகிறது.

இன்னொன்று: நடுக் குரலை வாயால் பாடிக்கொண்டே மற்ற இரண்டையும் வாசிக்க வேண்டும். எங்கே முடிகிறது? வாய் கையோடு ஓடிவிடுகிறது. காய் நறுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, இதை மட்டும் கொஞ்சம் பாடுங்களேன்."

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார் போல, பாடினார். குரல் என்னவோ கிரீச்சென்றுதான். ஆனால் அவர் ஒருமுறைகூட வழி தவறவில்லை. தவறியது நான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. பியானோ மூடியைச் சாத்திவிட்டுத் துணி மடித்தேன்.

ஏப்ரல் 15, புதன்

நேற்று அடம்பிடித்த இடம் இன்று தானாக வருகிறது! தூக்கத்தில் யார் வாசித்தது?

மே 2, சனி

எந்த வரியைச் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பத் தெரிய வேண்டும் என்கிறார் டீச்சர். வீட்டில் அதற்கு ஆள் கிடைத்துவிட்டார். குளியலறைக்குள்ளிருந்துகூட "அஞ்சாவது வரி!" என்று குரல் வருகிறது. நல்ல பொழுதுபோக்குதான் அவருக்கு.

மே 16, சனி

கச்சேரி மேடையில், இரண்டாம் பக்கத்தில் இடது கை சட்டென்று விட்டுப்போனது. ஐயோ, போச்சு – எழுந்துடலாமா? அதற்குள் வலது கை நிற்காமல் ஓடி அடுத்த வரிக்குப் போய்விட்டது. இடது கை அங்கே வந்து சேர்ந்துகொண்டது. முடித்தேன். முழுதாக முடித்தேன்.

கீழே இறங்கியதும் டீச்சர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

வழியில் வீட்டுக்காரர் சொன்னார்: "நடுவுல ஒருத்தர் கொஞ்ச நேரம் லீவு போட்ட மாதிரி இருந்துச்சே?" அவரைத் தவிர வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

மே 30, சனி

இன்று எனக்குப் பயிற்சி இல்லை. பியானோவில் இடம் கிடைக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்காரர் டீச்சரிடம் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். காலையிலிருந்து முதல் பாடம், ஒற்றைக் கை, நெற்றியெல்லாம் வியர்வை.

"கொஞ்சம் மெதுவா வாசிங்களேன்," என்றேன்.

"இதுக்கு மேல மெதுவான்னா எழுந்துதான் போகணும்," என்றார். எழுந்து போகவில்லை.