மஞ்சள் போடாத இடம்

மார்ச் 3, செவ்வாய்

அவள் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு நாலு மாதம். என் கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி. வீட்டில் மாடி அவளுக்கு, கீழ்த்தளம் எனக்கு. இப்போது அலுவலகமும் ஒன்று, ஆலைகளுக்குக் குழாய்ப் படம் வரைகிற பிரிவும் ஒன்று. பதினோரு வருஷமாக நான் குப்பை கொட்டுகிற இடம்.

இன்று துறைத் தலைவர் எல்லார் முன்னாலும், "இந்தப் பொண்ணு மாதிரி வரையணும்ய்யா" என்றார். வீட்டுக்கு வந்தால் அத்தை, "சின்னவளுக்கு என்ன சுறுசுறுப்பு!" என்கிறார். நான் என்ன, படுத்துக்கொண்டா சம்பளம் வாங்குகிறேன்?

மார்ச் 4, புதன்

வயிறு எரிகிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அவள் வரைந்த படம் இன்று என்னிடம் சரிபார்க்க வந்தது. எங்கள் பிரிவில் சரியான கோட்டின் மேல் மஞ்சள் போடுவோம், தப்பின் மேல் சிவப்பு. எல்லாம் முடிந்த பிறகுதான் கையெழுத்து.

ஆறு இன்ச் வாயுக் குழாய். நடுவில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற மூன்று இன்ச் கன்ட்ரோல் வால்வு. அதைக் கழற்றிப் பழுது பார்க்கும்போது ஓட்டம் நிற்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு மாற்றுக் குழாய், பைபாஸ். அதையும் ஆறு இன்ச்சாகவே போட்டுக் கேட் வால்வு வைத்திருக்கிறாள். கேட் வால்வைத் திறக்கலாம், மூடலாம். பாதியில் வைத்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது. அங்கே குளோப் வால்வு வேண்டும், மூன்று இன்ச் போதும். இந்த ஆறு இன்ச்சை யாராவது முழுசாகத் திறந்தால் அழுத்தம் ஏறி அடுத்த கலனில் இருக்கும் சேஃப்டி வால்வு தாங்காது. கலன் வெடிக்கலாம்.

ஆக, மகாராணியும் சறுக்குவாள்!

சிவப்புப் பேனாவை எடுத்தேன் — மூடி வைத்தேன். பத்தாம் தேதி வாடிக்கையாளர் கூட்டம். அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரி கண்ணில் இது படாமல் போகாது. அங்கேயே மூக்கு உடையட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் மஞ்சள் போட்டேன். அந்த இரண்டு விரல் அகலத்தை மட்டும் வெறுமனே விட்டேன். பொய்யாக மஞ்சள் போடக் கை வரவில்லை. கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கேட்டால் கண்ணில் படவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வரைந்தவளுக்குத்தானே முதல் அடி.

மார்ச் 8, ஞாயிறு

மாடியில் அவள் சிரிக்கிற சத்தம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் சிரிக்கட்டும்.

கேவலமாக இருக்கிறது, இதைப் படித்தால். எழுதியதை அடித்துவிடவும் மனசு வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

திரையில் படம் வந்தது. பைபாஸ் மூன்று இன்ச். குளோப் வால்வு. மாத்திட்டா!

அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போகப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அவள். எழுந்து, "முதல்ல தப்பாத்தான் போட்டிருந்தேன் சார். அக்கா பார்த்த தாள்ல அந்த ஒரு இடத்துல மட்டும் மஞ்சள் இல்ல. சிவப்பு போட்டா நாலு பேர் பார்ப்பாங்க, எனக்கு அசிங்கமா இருக்கும்னு சும்மா விட்டிருக்காங்க. அப்புறம்தான் மறுபடி கணக்குப் போட்டேன்" என்றாள்.

"இதுதான்ய்யா பெரிய மனசு," என்று தலைவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சிரித்து வைத்தேன். வேற என்ன பண்றது? நல்லவள் என்கிற பேர்கூட அவள் போட்ட பிச்சையாகத்தான் வரணுமா எனக்கு?

மார்ச் 11, புதன்

அத்தையிடமும் சொல்லியிருக்கிறாள். "என்ன இருந்தாலும் பெரியவ பெரியவதான்" என்றார் அத்தை. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே நாலு மாதமாக ஏங்கினேன்? காதில் விழுந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்காக விடல நான். கூட்டத்துல நீ அசிங்கப்படணும்னுதான் விட்டேன்."

கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். "அங்க யார் கண்ணுலயும் படாம போயிருந்தா, அக்கா? அந்தக் கலன் பக்கத்துல ஆள் நிப்பாங்களே?"

அதை நான் யோசிக்கவே இல்லை. இந்த எட்டு நாளில் ஒரு தடவைகூட. அவளை நினைத்தேன், என்னை நினைத்தேன். பதினோரு வருஷ அனுபவமாம்! வாளியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

மார்ச் 16, திங்கள்

பேருந்தில் என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

மார்ச் 19, வியாழன்

இன்று அவளுடைய அடுத்த படம் தயார். என் மேசையைத் தாண்டிப் போய் ஜன்னலோர மேசைக்காரரிடம் நீட்டினாள். "ஒவ்வொரு கோடா பாருங்க சார். தப்புன்னா சிவப்புலயே போடுங்க."

முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். நடுவில் அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். என்னால் ஒரு கணக்கும் போட முடியவில்லை.

அந்த மனுஷனுக்கு வால்வைப் பத்தி என்ன தெரியும்? பெரிய கொம்பனா அவர்? அவ படத்தை நான்தானே பார்க்கணும்.