கரும்பலகையில் எழுதிப் போட்ட மன்னிப்பு

சார்,

காலையில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். நீங்கள் போய்விட்ட செய்திக்குக் கீழே புதிய தலைமையாசிரியை ஓர் இரங்கல் வாசகம் போட்டிருந்தார். எல்லோரும் இதையே அனுப்பினால் போதும், கோடிட்ட இடத்தில் அவரவர் பெயரை நிரப்பிக்கொள்ளவும் என்று குறிப்பு வேறு. பத்து மணிக்குள் ஏறக்குறைய எல்லோரும் ஒட்டிவிட்டார்கள். விளையாட்டு ஆசிரியர் கோடிட்ட இடத்தைக்கூட நிரப்பாமல் அப்படியே ஒட்டியிருந்தார். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. உங்கள் மேல் எனக்கிருந்த கோபம் இந்த மூன்று வருஷத்தில் துளியும் ஆறவில்லை.

போனவரோடு சண்டைக்கு நிற்பது மரியாதையில்லை. தெரிந்துதான் நிற்கிறேன்.

அந்த வருஷம் நான் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் கத்தியதைப் பிள்ளைகள் ஒளித்துப் பதிவு செய்து, குக்கர் விசிலோடு சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். நான் ஒரு வார்த்தை கத்த, குக்கர் ஒரு விசில் அடிக்கும். சாலைக் கடைத்தெருவில் நான் சின்ன வயதிலிருந்து அரிசி வாங்கும் கடையிலேயே ஒருத்தன் கேட்டான்: "என்ன டீச்சரே, இன்னைக்கு எத்தனை விசில்?" கடை முழுக்கச் சிரித்தது. அரிசி வாங்காமல், ஆரியசாலையில் இருக்கும் வீடு வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். மறுநாள் தலைமையாசிரியர் அறைக்கு, உங்களிடம் வந்தபோது, அந்தப் பிள்ளைகள் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இல்லை என்று இப்போது மழுப்ப மாட்டேன்.

"டீச்சர் ஒண்ணும் மிண்டண்டா, பேசாம இருங்க, நான் சரியாக்கித் தரேன்" என்றீர்கள், உங்கள் பாதி மலையாளத் தமிழில். "எல்லார்கிட்டயும் எழுதி வாங்கணும். எழுத்துல இருந்தாத்தான் எந்தக் காரியமும் நிக்கும்." எதற்கெடுத்தாலும் நீங்கள் சொல்வது அதுதான்.

வகுப்புக்குப் போய் மன்னிப்புக் கடிதத்தை நீங்களே கரும்பலகையில் எழுதிப் போட்டீர்கள். '______ ஆகிய நான் அறிந்தோ அறியாமலோ ஆசிரியரின் மனம் புண்படும்படி நடந்திருந்தால் மன்னிக்குமாறு வேண்டுகிறேன்.' செய்தவர்களும் செய்யாதவர்களும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதினார்கள். மூன்று பேர் கோட்டையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். சரிபார்க்கச் சொல்லித் தாள்கட்டை என்னிடம் கொடுத்தீர்கள். பழக்க தோஷம், சிவப்புப் பேனாவை எடுத்து, என்னிடம் கேட்ட மன்னிப்பில் நானே ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கட்டில் ஒரே ஒரு தாள் வேறு மாதிரி இருந்தது. பழவங்காடியில் ஒரு ஓட்டலில் டீ போடுகிறவரின் மகள் எழுதியது. 'டீச்சர், விசில் சேர்த்தது நான்தான். உங்களைப் பிடிக்காமல் செய்யவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. நேற்று நீங்கள் வகுப்பில் ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசவில்லை. அது என்னால்தான்.'

அதில் நான் எதையும் திருத்தவில்லை. படித்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்தத் தாளை மட்டும் உருவிக்கொண்டு, முட்டாள் மாதிரி சந்தோஷமாக உங்கள் அறைக்கு ஓடி வந்தேன். "சார், ஒண்ணாவது மனசுல இருந்து எழுதியிருக்கு, பாருங்க" என்றேன்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒருமுறை படித்தீர்கள். "நல்லது டீச்சர். ஆள் கிடைச்சாச்சு" என்றீர்கள்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். வேலைக்கு நடுவில் ஓடி வந்திருக்க வேண்டும், சட்டையில் பால் கறை காயவில்லை. "சாரே, இவ ஒருத்தி மட்டுமா இதச் செஞ்சா?" என்று கேட்டார். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "எழுதித் தந்தது இவ ஒருத்தி மட்டும்" என்று சொல்லி, டி.சி.யை மேசையில் நகர்த்தி வைத்தீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "டீச்சருக்கு ஏதாவது பறையணுமா? சொல்லுங்க" என்றீர்கள். என் ஒப்பந்தம் ஜூனில் உங்கள் கையெழுத்தில்தான் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது நம் இருவருக்கும் தெரியும். நான் "இல்லை சார்" என்றேன். அப்பா பக்கத்தில் நின்ற அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். தப்பு செய்தவர்களில் மற்ற எல்லோரும் அன்று மதியமும் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

போன ஓணத்துக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் அவளைப் பார்த்தேன். பில் போட்டுக்கொண்டிருந்தாள். நடு வருஷத்தில் எங்கும் சேர்த்துக்கொள்ளாமல் அந்த வருஷம் போயிற்றாம், பிறகு படிப்பும் போயிற்றாம். பையை என்னிடம் நீட்டிக்கொண்டே, வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்: "டீச்சர், அன்னைக்கு சார் போர்டுல எழுதினதையே எழுதியிருந்தா மதியாயிருந்தது, அதுவே போதுமாயிருந்தது, இல்லே?"

நான் "ஆமா" என்றேன்.

தாளைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான், வாயைத் திறக்காமல் நின்றவளும் நான். என் பங்கை நான் சுமக்கிறேன். அதற்காக உங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள மாட்டேன், நீங்கள் போய்விட்டீர்கள் என்பதற்காகவும் குறைக்க மாட்டேன். மனதில் இருந்து எழுதியதற்குத் தண்டனையும் பார்த்து எழுதியதற்கு மன்னிப்பும் கொடுத்தீர்கள். அந்த வகுப்பு முழுக்க அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது.

மணி பதினொன்று. குழுவில் என் பெயர் மட்டும்தான் பாக்கி. இந்த ஜூனிலும் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். இதை முடித்ததும் நானும் அந்த வாசகத்தை ஒட்டிவிடுவேன், கோட்டில் பெயரை ஒழுங்காக நிரப்பி. நீங்கள் இருந்திருந்தால் மெச்சியிருப்பீர்கள்.

எழுத்தில் இருந்தால்தான் நிற்கும் என்பீர்களே. அவள் கேட்டதையும் நான் ஆமா என்றதையும் யாரும் எழுதி வாங்கவில்லை சார். அது நின்றுகொண்டுதான் இருக்கிறது.