கஜன் சப்பாத்தைக் கழற்றினார்

வியாழன், இரவு.

கஜன் போட்ட சத்தம் இன்னும் காதுக்கு இனிக்கிறது.

இறக்கக்கண்டியிலிருந்து வரும் மீன்கழிவை நாங்கள் ஆய்வுகூடத்தில் புளிக்க வைக்கிறோம். சில நாட்களாகத் தொட்டியின் அமில அளவு தாறுமாறாகக் காட்டியது. என் கை சுத்தமில்லை, அதனால்தான் கலவை கெடுகிறது என்று கூட வேலை செய்யும் கஜன் பொறுப்பதிகாரியிடம் சொல்லியிருந்தார்.

தொட்டி கரண்ட் அடிக்கிறது என்று நான் சொன்னபோது சிரித்தார்.

"எனக்கு ஒண்டும் அடிக்கேல்லையே. உங்களுக்குப் பயம்."

அவர் தடித்த ரப்பர் சப்பாத்தோடு நிற்பவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஈரத் தரையில் நிற்பவள் நான்.

இன்று காலை பிடித்துவிட்டேன். அவர் பொருத்திய சூடேற்றிக்கு இரண்டு பின் பிளக். எர்த் துளைக்குள் பேனை மூடியைக் குத்தித் திறந்து பிளக்கைச் செருகியிருந்தார். எர்த் இல்லாமல் கரண்ட் தொட்டியில் ஏறி, அமில அளவு காட்டும் கருவியையும் குழப்பியிருந்தது. கரண்ட் பார்க்கும் மீற்றரை வைத்துப் பார்த்தேன். ஆளைக் கொல்லாது, துள்ள வைக்கும்.

மத்தியானம் பொறுப்பதிகாரி வந்தார். கஜன் திரும்பவும் என் கையைப் பற்றித் தொடங்கினார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஒருக்கா தொட்டுப் பாருங்கோ, கஜன்" என்றேன்.

பெரியவர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு ஏலாது. தொட்டார். "ஐயோ அம்மா" என்று பின்னுக்குப் பாய்ந்ததில் கதிரை விழுந்தது. பொறுப்பதிகாரி பிளக்கைப் பிடுங்கினார். அமில அளவு அசையாமல் நின்றது.

பின்னேரம் கஜன் என்னிடம் வந்தார். "மீற்றரில காட்டியிருக்கலாமே?"

"ஓம், காட்டியிருக்கலாம்" என்றேன்.

மீற்றர் அப்போதும் என் பைக்குள்தான் இருந்தது.