கங்காவின் தட்டிலிருந்த முட்டை

வீட்டுக்காரருக்கு,

நம் மகன் தீபனைச் சுமந்தபோது நான் சாப்பிட்ட சாப்பாடு அவன் மரபணுக்களின் மேல் அடையாளம் விட்டிருக்கலாம், அவனுக்கு வந்திருக்கும் இந்த இனிப்புநீர் நோய்க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். நீங்களோ புக்கிட் பெலிம்பிங் முழுக்கத் தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள்: "எல்லாம் அவன் ஆத்தா தின்ன தீனி லா!" மீன்காரி என்னிடமே வந்து துக்கம் விசாரித்தாள்.

என்ன தின்றேன்? முட்டை சூடு, கீரை குளிர்ச்சி என்று உங்கள் அம்மா தடுத்தார். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் ஒட்டிய சோறும் ரசமும்தான் எனக்கு. அதிலேயே இந்த உடம்பு லோரி மாதிரி பெருத்ததை எந்த டாக்டர் விளக்குவார்?

இப்போது மருமகள் கங்கா முழுகாமல் இருக்கிறாள். நேற்று அவள் தட்டிலிருந்த முட்டையை உங்கள் அம்மா எடுத்து உங்கள் தட்டில் வைத்தார். நீங்களும் சப்புக்கொட்டித் தின்றீர்கள்.

அவளைக் கலும்பாங்கில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இங்கே அவள்தான் முதலில் சாப்பிடுகிறாள்.

அடுப்பில் ரசம் இருக்கிறது. முட்டைகளை நாங்கள் கொண்டுவந்துவிட்டோம்.

உங்கள் வீட்டு மிச்சத்தைத் தின்றவள்