லொறிக்கும் நடுங்கிய வால்வுகள்

இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் மகள் றினூஸா நீங்கள் பாட்டுக் கேட்கும் வால்வு அம்பிளிபயரைப் போட்டுப் பார்த்தாள். நீங்கள் எங்களை விட்டு மவுத்தாகி ஏழு மாதமாக யாரும் தொடாத பெட்டி. கண்ணாடி வால்வுகள் சூடேறியதும், மேலே படிந்திருந்த தூசு கருகும் வாசனை வீடெங்கும் பரவியது. அந்த வாசனையில் உங்கள் முகம் நினைவுக்கு வருமுன்னே என் பயம்தான் வந்து நின்றது. குறை நினைக்காதீர்கள்.

சுனாமியில் என் தங்கச்சி போன பிறகுதான் சாய்ந்தமருதில், பிரதான வீதியோரத்து இந்த வீட்டுக்கு வந்தோம். உங்களுக்குப் பாட்டுக் கேட்பதென்றால் உயிர். ஆனால் நெல் லொறி வீதியால் போகும்போதெல்லாம் ஸ்பீக்கர் ‘ங்ஙீ’ என்று முனகும். கடல்தான் வருகிறதென்று, கைக்குழந்தையாக இருந்த றினூஸாவை நான் அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன்.

“லொறிதான் புள்ள, பயப்படாத” என்று பின்னாலேயே வருவீர்கள். ஒருநாள் என்னைப் பெட்டியின் முன் உட்கார வைத்து, ஒரு வால்வைப் பென்சிலால் மெதுவாகத் தட்டினீர்கள். ஸ்பீக்கர் ‘டிங்’ என்றது. “இதுக்குள்ள மெல்லிய கம்பி இரிக்கி. நிலம் அதிர்ந்தா அது நடுங்கும். அந்த நடுக்கத்தத்தான் இந்தப் பொட்டி சத்தமாக்குது.”

விளங்கியது. ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. கட்டாரில் இருந்த உங்கள் தம்பியிடம் சொல்லி, சூடு தாங்கும் சிலிக்கோன் றப்பர் வளையங்கள் எடுப்பித்தீர்கள். வால்வுக்கு இரண்டாக, கண்ணாடியைச் சுற்றி இறுக்கமாக மாட்டினீர்கள். முனகல் அடங்கியது. நானும் கொஞ்சம் அடங்கினேன்.

பிறகு ஒருநாள் பகலில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசல் ஒலிபெருக்கி அலறியது. எங்கோ கடலுக்கடியில் நிலம் நடுங்கியிருக்கிறதாம், எல்லோரும் கடலை விட்டு மேற்கே போகட்டுமாம். உங்கள் பெட்டி எதுவும் நடவாததுபோலப் பாடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் வயல்வரம்பில் சனங்களுக்கு நடுவே நின்று உங்களைப் பார்த்துக் கத்தினேன்.

“வளையத்த மாட்டி அதுட வாயக் கட்டிப் போட்டீங்களே!”

“தூரத்து நடுக்கம் அதுக்குத் தெரியாது புள்ள. வளையம் இல்லாட்டியும் அது கடலச் சொல்லாது.”

அப்போதுதான் அதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். சுனாமியன்று அலை வருமுன் தங்கச்சி, “என்ன இரைச்சல் தாத்தா?” என்று அக்காவான என்னைக் கேட்டாள். “லொறி போகுது” என்றேன். அவளும் அதை நம்பிவிட்டாள். நாங்கள் எழுந்து ஓடியபோது தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிட்டது. பிடித்திருந்த அவள் கை நழுவிப்போனது.

நீங்கள் குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றீர்கள். கடல் வரவில்லை. வீடு திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் வளையங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தீர்கள். “முனகட்டும். முனகினா நான் எழும்பிப் போய்ப் பாக்கிறன்.”

சொன்னபடியே செய்தீர்கள். எத்தனை வருடம்! நல்ல பாட்டின் நடுவிலும் எழும்பிப் போய், வீதியைப் பார்த்து, திரும்பி வந்து “லொறி” என்பீர்கள். நோய் வருத்தம் முற்றி நடக்க முடியாமல் போன பிறகும், கட்டிலில் கிடந்தபடி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொன்னீர்கள்.

இன்றும் முனகியது. மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் வாசலுக்கு வந்துவிட்டேன். “உம்மா, கை நோகுது, என்ன நடந்த?” என்று கேட்டாள். நான் வீட்டுப் பக்கம் திரும்பி, “இஞ்சாருங்க, வெளிய வாங்க!” என்று உங்களைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

மகள் அழத் தொடங்கினாள். லொறி வீதியைக் கடந்து போனதை என் கண்ணாலேயே கண்டேன். ஆனாலும், நீங்கள் எழும்பி வருவதற்காகக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.