சுவருக்கு அந்தப் பக்கத்துக் கதை

என் செல்லக் குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறென்ன செய்வது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எல்லா வேலையும் முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். காதால் கேட்கிற புத்தகங்கள் என்று அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தாயே, அத்தனையும் கொலைக் கதை. அவருக்கோ லேத் பட்டறைச் சத்தத்தில் காது மந்தம், ஸ்பீக்கரை அலறவிட்டு ஞாயிறு மத்தியானம் முழுக்க யாரையாவது வெட்டிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு டிரைவர், இன்னிக்கு எத்தன பொணம் சார் என்று கிண்டல்கூடச் செய்வான். போன ஞாயிறும் நான் பாத்திரம் தேய்க்கையில் ஒரு பெண் விடாமல் அலறினாள், ஏதோ உடைந்தது. சத்தத்தக் கொறைங்க, தல வலிக்குது என்று கத்தினேன். அலறல் குறையவில்லை. போய்ப் பார்த்தால் அப்பா வாயைத் திறந்தபடி தூங்குகிறார், ஸ்பீக்கர் எப்போதோ அணைந்திருக்கிறது. அலறல் சுவருக்கு அந்தப் பக்கம்.

அப்பாவை உலுக்கி எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடினேன், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, அப்பா தோளால் இடித்துக் கதவை உடைத்தார். அந்த டிரைவர் தன் மனைவியை, தையல் கடைக்குப் போகிறாளே அந்தச் சின்னப் பெண், முடியைச் சுருட்டிப் பிடித்துத் தையல் மெஷின் விளிம்பில் மோதிக்கொண்டிருந்தான். தரையெல்லாம் ரத்தம், அதில் ஒரு பல். எங்களைக் கண்டதும் துணி வெட்டும் கத்தரியைத் தூக்கினான். அப்பா ஸ்டூலால் அவன் மணிக்கட்டில் போட்டார், எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பல்லியைக் கண்டால் ஓடுகிற உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, கையிலிருந்த வாணலியால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். பிறகு அந்தப் பெண் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒங்க வீட்ல கத ஆரம்பிக்கட்டும்னு காத்துட்டிருப்பாரு அக்கா, அப்புறந்தான் கைய ஓங்குவாரு என்றாள். எத்தனை ஞாயிறோ.

இப்போது தாடையில் தையலோடு உன் அறையில்தான் இருக்கிறாள். அவன் கைக்கட்டோடு ஆஸ்பத்திரியில், போலீஸ் இவளிடம் புகார் கேட்கிறது, இவள் மாமியார் தினமும் வாசலில் வந்து நின்று, வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடும்மா என்கிறாள், இவள் வாயே திறக்கவில்லை. மனசு ஆறட்டும் என்று படித்த மேதாவித்தனத்தில் பறவைகள், கடல் பயணம், தோட்டம் என்று தேடித் தேடிப் போட்டேன். மரியாதைக்குக் கேட்டுவிட்டு, கொலக் கத போடுங்க அக்கா என்றாள். பட்டது போதாதாடி என்று சீறினேன். அதுலதான் கடைசில அவன் மாட்டுவான் என்றாள். போட்டுக் கொடுத்தேன், ஒன்று விடாமல் கேட்டாள். இன்று காலை மாமியார் வந்தபோது, நான் விழல, ஒங்க மகன் அடிச்சாரு, புகார்ல கையெழுத்துப் போடப் போறேன் என்று தையல் பிரிகிற மாதிரி வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். அப்புறம் என்னிடம், விலங்கு மாட்டினதோட கத முடிஞ்சிடுதே அக்கா, கோர்ட்ல என்ன கேப்பாங்க என்றாள். எனக்குத் தெரியவில்லை. நீதான் தேடி அனுப்ப வேண்டும், கதை வேண்டாம், சட்டத்தை நிதானமாகப் புரியும்படி சொல்லுகிற நிஜப் புத்தகம், வாசிப்பவர் பெண்ணாக இருந்தால் நல்லது. சிரிக்கிற மாதிரியும் ஒன்று, தையல் பிரித்த பிறகு போடுகிறேன். அப்பாவுக்குத் திமிங்கிலங்களைப் பற்றிப் போட்டிருக்கிறேன், சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சுவரோரமாகக் காதை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

தனியாக இருக்கிறாய், எதை வேண்டுமானாலும் கேள், வகைவகையாகக் கேள், ஆனால் ஒரு காதில் மட்டும் மாட்டு. இன்னொன்று பக்கத்து வீட்டுக்கு இருக்கட்டும். உனக்கு ஒரு குறையும் வராது கண்ணே.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா